விட்டுப்போன ஒற்று

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது, வாங்கி ஒரு மாதமே ஆன செருப்பும் போய்விட்டது. உன் தொண்டை எப்படி இருக்கிறது? காலையில் எழுந்ததும் குரல் கொஞ்சமாவது வருகிறதா, இல்லை இன்னும் வெறும் காற்றுதானா?

இங்கே அவசரப் பிரிவில் வழக்கம்போலக் கூட்டம். நேற்று ஒருவர் காதுக்குள் எறும்பு போய்விட்டது என்று வந்தார். எடுத்துக் காட்டினேன். அப்புறமும் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு இருக்கும் சார், இது தனியா வந்திருக்காது" என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் மேற்படிப்புக்கு இந்த வருடமும் விண்ணப்பத்தை பூர்த்தி செய்கிறேன். இரண்டு வருடம் முன்பு உனக்குச் சிகிச்சை நடந்த அதே ஆஸ்பத்திரி. இடம் இரண்டே இரண்டு. போன வருடம் நூற்றுநாற்பது பேர் போட்டார்கள். எனக்கு நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. இந்த முறையும் கதவை தட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதாகிவிட்டால் அவ்வளவுதான். வயது வரம்பு தாண்டிவிடும்.

"ஏன் இந்தத் துறை" என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள். அதில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினால், அந்த நோயாளி கட்டுரையைப் படித்து, உள்ளது உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம். உன்னைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறேன். உனக்கு வேலை வைக்க வேண்டாம் என்று கடைசித் தாளை மட்டும் அனுப்புகிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்தை போட்டு அனுப்பிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

---

ஜூன் 9

டாக்டர் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா? நான் உயிரோடும் வேலையோடும் தண்ணீர் பாட்டிலோடும் இருக்கிறேன். குரல் காற்றுதான். ஃபோனை எடுத்துப் பேசினால் எதிரில் இருப்பவர்கள் நாலு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். விரலால் தட்டி அனுப்பலாம் என்றால் அதுவே சொல்லை மாற்றிப் போட்டுவிடுகிறது. என் வேலையை அது செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே கடிதம்தான், சகித்துக்கொள்.

உன் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒற்று இல்லை. விண்ணப்பத்தைப் பூர்த்தி. கதவைத் தட்டி. கையெழுத்தைப் போட்டு. அச்சகத்தில் என் பெயரே மறந்துபோய் எல்லோரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒற்றக்காவின் தம்பி இப்படி எழுதினால் நான் எப்படி வெளியே தலைகாட்டுவது? சின்ன எழுத்துதானே என்று நினைக்காதே. அது இல்லாவிட்டால் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒட்டாது.

தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. "மேற்கண்ட கட்டுரையை முழுமையாகப் படித்தேன்" என்று அதில் அச்சடித்திருக்கிறது. மேற்கண்ட இடத்தில் ஒன்றையும் காணோம். போன வாரம் ஒரு சட்டப் புத்தகம் கடைசிப் பார்வைக்கு வந்தது. ஐந்து பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம். "பொறுப்பு உரிமையாளருடையது அல்ல" என்பதில் "அல்ல" இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருப்பதால்தான் எனக்குச் சம்பளம். கட்டுரையை அனுப்பு. ஒரே நாளில் பார்த்துத் தருகிறேன்.

உன் கவரைக் கீழ்வீட்டுத் தையற்காரர்தான் மாடிக்குக் கொண்டுவந்தார். "டாக்டர் தம்பி லெட்டர், கனமா இருக்கே. கல்யாண விஷயமா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். என்னைவிட அவருக்குத்தான் வருத்தம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

---

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம்தான். பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது. இரண்டு டாக்டர்கள் ஒரே நேரத்தில் விடுமுறையில் போய்விட்டார்கள். அது உண்மைதான். ஆனால் அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

கட்டுரையை அனுப்புகிறேன். அனுப்புவதற்கு முன்பு சில விஷயம். இது விண்ணப்பத்துக்கு எழுதியது. நூற்றுநாற்பது பேரில் ஒருவனை நினைவில் வைத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். போன வருடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, பொதுவாக எழுதினேன், குப்பைக்குப் போனது. அப்போது இடம் கிடைத்த ஒருவன் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தானாம்.

மூன்றாம் பக்கத்தை மட்டும் பொறுத்துக்கொள். எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் கட்டுரையே இல்லை.

ஜூலை இருபதுக்குள் போய்ச் சேர வேண்டும்.

தம்பி

---

ஜூலை 8

தம்பிக்கு,

கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மை தீர்ந்துவிட்டதால் பச்சை.

முதல் பக்கம் நன்றாக இருக்கிறது. "கதிர் கண்ணுக்குத் தெரியாது, அதைக் கொடுப்பவரின் கவனம் மட்டும்தான் தெரியும்" என்பது நல்ல வரி. இரண்டாம் பக்கத்தில் ஒரே சொல் ஏழு முறை வருகிறது, நான்கை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் பக்கத்தில் விவரப் பிழைகள். சிகிச்சை முப்பது நாள் என்று எழுதியிருக்கிறாய். முப்பத்துமூன்று. அறையில் மெல்லிய இசை ஒலிக்கும் என்று எழுதியிருக்கிறாய். இசை கிடையாது, ஏ.சி. உறுமும், அப்புறம் இயந்திரம் சுற்றும்போது ஒரு கொர் சத்தம். வெளியே மர பெஞ்சில் காத்திருந்ததாக எழுதியிருக்கிறாய். மரப் பெஞ்சு என்று வர வேண்டும். தவிர, அங்கே பெஞ்சே இல்லை. இரும்பு நாற்காலி ஐந்து, ஒன்றோடொன்று பிணைத்தது. நாலாவது ஆடும். தலை அசையாமலிருக்க மாட்டிய முகமூடி வெள்ளை, அது சரியாக இருக்கிறது. அதைச் செய்த அன்றைக்கு மட்டும் நீ இருந்தாய்.

கடைசிப் பத்தியில் "அக்காவின் கையை பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் கதிர்வீச்சு அறையின் கதவு வரை சென்றேன்" என்று ஒரு வரி. அதை முதலில் அடித்தேன். பிறகு அடியில் புள்ளி வைத்திருக்கிறேன். அடித்த வரி மறுபடியும் வேண்டும் என்றால் அச்சகத்தில் இப்படிப் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவோம். உனக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன்.

இருக்கட்டும் என்பதற்காகப் பிழையோடு இருக்க முடியாது. "கையைப் பிடித்துக்கொண்டு." ப் விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டேன்.

படித்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அக்கா

---

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் போன கடிதத்தில் நான் நலமா என்று நீ கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

கட்டுரையைச் சுத்தமாக எழுதி அனுப்பிவிட்டேன். முப்பத்துமூன்று நாள், இரும்பு நாற்காலி, ஏ.சி. உறுமல், எல்லாம் நீ சொன்னபடி. இப்போது படித்தால் அங்கேயே இருந்தவன் எழுதியது போல இருக்கிறது. அந்தப் புள்ளி வைத்த தாளை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வர வேண்டும் என்றுதான் இருந்தேன் அக்கா. ஏழு வாரம் விடுப்புக் கேட்டு எழுதியது உனக்கே தெரியும், நீதான் அந்த விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தாய். கடைசி நேரத்தில் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போதே சொன்னேன். மறுபடியும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

செப்டம்பர் இருபத்தைந்து, ஆறு மாதத்துக்கொரு முறை வரும் உன் பரிசோதனை. மறந்துவிடாதே.

தம்பி

---

ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மழை ஓரிரு நாள் பெய்தது. ஜன்னலோரம் வைத்திருந்த அகராதி நனைந்து, தகர வரிசைச் சொற்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. தையற்காரர் இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். இரண்டு பக்கம் கருகிவிட்டது. "அந்த ரெண்டு பக்கத்துல இருக்கற வார்த்தையை யாரும் பேசறதில்லம்மா" என்கிறார்.

விடுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். சரி.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால் சொல். சட்டைக் காலர் கிழிந்திருந்தால் தையற்காரரிடம் அனுப்பு, திருப்பித் தைத்துத் தருவார்.

அக்கா

---

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? நான் நலமா இல்லையா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

அழைப்பு ஒரு வாரம் முன்புதான் வந்தது, முந்தாநாள் நேர்முகம். முடிந்ததும் நேராக உன்னைப் பார்க்க வரலாம் என்று அழைப்பு வந்ததைச் சொல்லாமல் இருந்தேன். வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பதினாறு பேரை அழைத்திருந்தார்கள். கதிர்வீச்சு அறைக்கு வெளியே அந்த இரும்பு நாற்காலிகளில்தான் உட்காரச் சொன்னார்கள். இடம் இருந்தது நாலாவதில் மட்டும். ஆடியது. உட்கார்ந்ததும் உன் பச்சை மை ஞாபகம் வந்தது. அரைமணி நேரம் ஆடாமல் உட்காரப் பார்த்தேன்.

அந்த வழியாக, உனக்குக் கதிர் கொடுத்த டெக்னீஷியன் அம்மா வந்தார். என் கையில் இருந்த கோப்பில் உன் பெயரைப் பார்த்துவிட்டு நின்றார். "நீங்க ஒற்றக்கா தம்பியா?" என்றார், அங்கேயும் உனக்கு அதே பெயர்தான் போலிருக்கிறது. ஆமாம் என்றேன். "வெளியே நிக்கற தம்பி!" என்று கையைத் தட்டினார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "தினமும் கேப்பேன், கூட யாரும்மா வந்திருக்காங்கன்னு. சிலேட்டை எடுத்து, 'தம்பி வெளியே நிற்கிறான்'னு எழுதிக் காட்டுவாங்க. முப்பத்துமூணு நாளும் ஒரே வரி. ஒரு நாள்கூட எழுத்துப் பிழை இல்ல. ஒரு தடவை உள்ளே வரச் சொல்லுங்கன்னேன். கூச்சப்படுவான்னு எழுதினாங்க." டீ வாங்கிக் கொடுத்தார். போகிற வருகிற நர்ஸ்களிடமெல்லாம் என்னைக் காட்டினார். அந்த டீயைக் குடிக்காமல் எங்கே வைப்பது என்று தெரியாமல் குடித்தேன்.

நான் எழுதிய பொய்யை எனக்கு முன்பே நீ முப்பத்துமூன்று நாள் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒன்றுமே தெரியாது அக்கா.

உள்ளே மூன்று பேர். துறைத் தலைவர் கையில் என் கட்டுரை. படிப்பைப் பற்றி நன்றாகத்தான் கேட்டார்கள், நன்றாகத்தான் சொன்னேன். கடைசியில் தலைவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து டெக்னீஷியன் அம்மா ஏதோ படத்தைக் கொடுக்க உள்ளே வந்தவர், "சார், இவர்தான் அந்தத் தம்பி. ஒரு நாள் தவறினதில்ல" என்றார். தலைவர் சிரித்தார். "சாட்சியோட வந்திருக்கீங்க. சரி, முப்பத்துமூணு நாள்ல எந்த நாள் ரொம்பக் கஷ்டமா இருந்தது?" என்றார்.

இரண்டாம் நாள் என்றேன். "ஏன்?" என்றார். "அன்னிக்குத்தான் நான் வரலை. அதுக்கப்புறம் ஒரு நாளும் வரலை" என்றேன்.

பேச ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. முதல் நாள், முகமூடி செய்த நாள். வெந்நீரில் இளக்கிய அந்த வெள்ளைத் தகட்டை உன் முகத்தின்மேல் வைத்து அழுத்தினார்கள். மூக்கு தெரிந்தது, நெற்றி தெரிந்தது, நீ தெரியவில்லை. உன் விரல் மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது. நான் டாக்டர், அது பத்து நிமிடத்தில் ஆறிவிடும், மூச்சு விடத் துளை இருக்கிறது, எல்லாம் தெரியும். ஃபோன் வந்தது என்று சொல்லிவிட்டு வெளியே போய், கழிப்பறையில் வாந்தி எடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டேன். உன் விரல் என்னைத்தான் கூப்பிட்டதா என்று இன்றுவரை உன்னைக் கேட்டதில்லை. கேட்கத் தைரியமில்லை.

"அப்புறம் எதுக்கு இதே துறைக்கு வரீங்க?" என்றார் தலைவர். "ஓடிப்போன இடத்துக்குத் திரும்பி வர வேற வழி தெரியலை" என்றேன். தலைவர் கட்டுரையைப் புரட்டினார். பிறகு கடைசித் தாளை எடுத்து, "உங்க அக்கா உண்மைன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே. படிச்சுட்டுத்தான் போட்டாங்களா?" என்றார்.

அந்த இடத்தில்தான் தடுமாறினேன். படிக்கவில்லை என்று சொன்னால் உன்னைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள் என்று உன்னைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "படிச்சுத்தான் போட்டாங்க. நான் கேட்டதால போட்டாங்க" என்றேன். டெக்னீஷியன் அம்மா கதவருகிலேயே நின்றிருந்தார். என் பக்கம் பார்க்காமல் வெளியே போனார்.

அவர் முகத்தைப் பார்த்தபின் உன் வீட்டுக்கு வரக் கால் எழவில்லை. மறுபடியும் பஸ் ஏறிவிட்டேன்.

தம்பி

---

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? பட்டியல் வந்துவிட்டது. இரண்டு பெயர், காத்திருப்பில் மூன்று பெயர். எதிலும் நான் இல்லை. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தாலும் மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தேன். அவசரப் பிரிவில் என்னை நிரந்தரமாக்குகிறேன் என்கிறார்கள். இனி எறும்புதான்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. பரிசோதனையில் என்ன சொன்னார்கள்? அதை மட்டுமாவது எழுது.

தம்பி

---

நவம்பர் 2

தம்பிக்கு,

கோபம்.

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இதோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். தையற்காரர், "பாவம்மா, ரெண்டு பக்கமாவது எழுதுங்க, தபால்தலை ஒண்ணுதானே" என்றார்.

நான் "இருக்கட்டும்" என்று போட்ட வரியை அடிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? முப்பது வருடத்தில் என் பேனா வைத்த புள்ளியை ஒரு முதலாளியும் ஓர் ஆசிரியரும் அழித்ததில்லை. நீ அழித்தாய், அதுவும் அந்த அம்மா எதிரில். உன் வரியை மட்டும் அடித்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கூடவே என் வரியையும் அடித்துவிட்டாய். நீ உண்மையைச் சொல்லிவிட்டு லேசாகப் பஸ் ஏறியிருப்பாய். இந்த ஊரில் இருப்பது நான்.

எனக்கு நோய் வந்தபோது வெட்கமாக இல்லை. குரல் போனபோதும் இல்லை. கூட யாரும்மா என்று அவர் கேட்டபோதுதான் வெட்கமாக இருந்தது. எனக்கு ஒன்பது வயதிலிருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அதுவும் டாக்டர், வரவில்லை என்று எப்படி எழுதுவது? தம்பி வெளியே நிற்கிறான் என்று எழுதினேன். முதல் நாள் பொய். பத்து நாள் போனதும், கதவு மூடி எல்லோரும் வெளியே போய், முகமூடியைத் திருகி மாட்டிய பிறகு, நீ வெளியே நிற்பதாகவே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அதனால்தான் அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. உனக்காக மட்டும் வைத்த புள்ளி இல்லை அது.

உண்மையில் நின்றது தையற்காரர். எட்டு நாள் வந்தார், சட்டையில் ஊசி குத்தியபடியே. "நானும் உங்களுக்குத் தம்பி மாதிரிதானே" என்றார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மற்ற நாளெல்லாம் நான் தனியாகத்தான் போனேன்.

விடுப்பு கிடைக்கவில்லை என்று ஜூலையிலும் எழுதினாய். விடுப்புக் கால முகவரி என்று என் வீட்டைத்தான் கொடுத்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அனுமதி நகல் இங்கே வந்தது. ஏழு வாரமும் அனுமதி. பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தையற்காரர் கொடுத்தார். படியிலேயே நின்று படித்தேன். ஒரு பிழைகூட இல்லை, நான் திருத்தியதாயிற்றே.

படிக்காமல் போட்டாள் என்று சொல்லாமல் விட்டாயே, அது ஒன்றுதான் உருப்படி. அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காது.

என் விரல் யாரைக் கூப்பிட்டது என்று கேட்காமல் கேட்டிருக்கிறாய். உன்னைத்தான்.

பரிசோதனைக்கு நான் போகவில்லை. அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டு வாரமாக விழுங்கும்போது ஏதோ உறுத்துகிறது. காகிதத் தூசியாக இருக்கும்.

அக்கா

---

நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நலம் விசாரித்து எழுத எனக்கு அருகதை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்: உறுத்தல் கூடியிருக்கிறதா? வலது பக்கமா, இடது பக்கமா? காதுவரை வலிக்கிறதா? தூசி என்று நீயாகத் தீர்ப்பு எழுதாதே. அது என் வேலை.

அனுமதி நகல் உனக்கு வந்தது எனக்குத் தெரியாது. அந்த விடுப்பை நானே ரத்து செய்துவிட்டு மூன்றாம் நாளே வேலையில் சேர்ந்தேன். உன்னிடம் சொன்ன பொய்யை ஜூலையில் மறுபடியும் ஒரு முறை சொன்னேன். அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு, கிழித்துப் போடுகிறேன் என்று எழுத நினைத்தேன். வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். நவம்பர் இருபத்தொன்று, காலை பத்து மணிக்கு உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். டெக்னீஷியன் அம்மாவிடமும் பேசினேன். எடுத்ததும் என்னைத் திட்டினார். பிறகு, "அக்காவைக் கூட்டிட்டு வாங்க. திட்டறதெல்லாம் உங்களைத்தான். அவங்க சிலேட்டுல எழுதினதை நான் ஏன் தப்பா எடுத்துக்கப் போறேன்? அன்னன்னிக்கு வெளியே எட்டிப் பாத்தவதானே நான்" என்றார். அவருக்கு அப்போதே தெரியும் அக்கா. நேர்முகத்தில் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாராம், இடம் கிடைக்கட்டும் என்று.

விடுப்பு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன்பு நீ ஒரு முறை பார்த்துவிடு:

"ஐயா, என் மூத்த சகோதரியின் தொண்டைப் பரிசோதனைக்கு உடன் செல்வதற்காக, நவம்பர் 21 அன்று ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுப்புக் கால முகவரி: அக்கா வீடு, தையற்கடைக்கு மேல்மாடி."

இந்தப் பரிசோதனைக்கு உள்ளேயே வரலாமாம், கதவோடு நிற்க வேண்டியதில்லை. நீ சரி என்றால் உன் கையை பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறேன்.

தம்பி

---

நவம்பர் 12

தம்பிக்கு,

இடது பக்கம். காது வலி இல்லை. சாப்பிட முடிகிறது.

அந்த அம்மாவுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். தெரிந்துகொண்டே முப்பத்துமூன்று நாளும் கேட்டாரா! அப்படியானால் அவர் வைத்த புள்ளியையும் சேர்த்து நீ அழித்திருக்கிறாய். வெட்கப்பட வேண்டியவர்கள் வரிசையில் அவரையும் உட்கார வைத்தால் அந்த நாற்காலி ஐந்தும் போதாது.

விண்ணப்பம் பார்த்தேன். பிழை என்று இல்லை. "21 அன்று ஒரு நாள்" என்பதை மட்டும் அடித்து "21 முதல் இரண்டு நாள்" என்று போட்டிருக்கிறேன். ஒரே நாளில் வந்து போகிறவனாக வர வேண்டாம். அந்த முகவரிக்கு நகல் வந்தால் இந்த முறை நீயே வாங்கி வை. தையற்காரர் உன் காலரைப் பார்க்க வேண்டுமாம், பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வா.

மன்னித்தேன் என்று நான் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய்.

உன் கடிதத்தின் கடைசி வரியில் "கையை பிடித்துக்கொண்டு" என்று மறுபடியும் ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறாய். போன தடவை அந்த ப்-ஐ நான் போட்டேன். இந்தத் தடவை போடவில்லை. இடம் விட்டு வைத்திருக்கிறேன். வந்து நீ போடு.

அக்கா